உறங்குமுன் ஒரு கிண்ணம்

நாள் முழுதும் உழைத்துக் களைத்தவனுக்கு உறக்கத்தைத் தேடிச் செல்ல வேண்டிய தேவை இல்லை. உறக்கமே அவனைத் தேடி வரும் என்று சொல்வதுண்டு. ஆனால் சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்று வாழ்வோருக்கு அந்தப் பேறு எப்போதும் வாய்ப்பதில்லை. பகலெல்லாம் வேற்று மொழியிற் பேசி, வேற்று உணவை உண்டு, இரவு அறைக்குத் திரும்பிய பின்னர் உடல் படுத்தாலும் உள்ளம் படுக்க மறுக்கிறது. தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் பலர் இந்நிலையை நன்கறிவர். அவ்வேளையில் கை ஏதேனும் ஒரு கிண்ணத்தை நாடுகிறது. சிலருக்கு அது காப்பிக் கிண்ணம். சிலருக்கு மதுக் கிண்ணம். மூன்றாவது கிண்ணம் ஒன்றும் உண்டு. முளைகட்டிய கேழ்வரகை மாவாக்கிப் பாலிற் காய்ச்சிய எளிய பானம் அது. அதன் வரலாறு நாம் நினைப்பதினும் நீண்டது. கண்டங்கள் பல கடந்தது.

அவ்வரலாற்றை ஒரு சிற்றூரிலிருந்து தொடங்குவோம். ஒகேனக்கலுக்கு அருகில், காவிரிக் காட்டின் நடுவே, கோபிநத்தம் என்னும் ஊர் இருக்கிறது. ஊரில் பேசப்படும் மொழி தமிழ். ஊர் இருப்பதோ கருநாடக மாநிலத்தில். முன்பு கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது அவ்வட்டம் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. மைசூர் மாவட்டத்திலிருந்து 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது ஊரும் அதனுடன் சென்றது. இங்ஙனம் கோபிநத்தத்து மக்கள் வீட்டை விட்டு ஓர் அடி எடுத்து வைக்காமலே வேற்று மாநிலத்தவர் ஆயினர். நாம் இரயிலேறிப் போய் அடைந்த நிலையை அவர்கள் திண்ணையில் இருந்தபடியே அடைந்தனர்.

அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவில் எழுவது அங்குப் பிறந்த வீரப்பனும் அவனைத் தேடிய படைகளுமே. 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தக் கதை முடிந்தது. அதுவரை பல ஆண்டுகள் அவ்வட்டாரத்து எளிய மக்கள் ஒருபுறம் காட்டிலிருப்போர்க்கும் மறுபுறம் காவலர்க்கும் அஞ்சி உறக்கமின்றிக் கழித்தனர். உறக்கத்தின் அருமையை அவர்களிடமே கேட்க வேண்டும். எல்லைக்கோடு மாறியது, காலமும் மாறியது. ஆனால் அம்மலைச் சாரலில் வானம் பார்த்த நிலத்தின் பயிர் மாறவில்லை. தமிழர் களி என்று கிண்டுவதும் கன்னடர் முத்தே என்று உருட்டுவதும் ஒரே கேழ்வரகு மாவைத்தான்.

கேழ்வரகும் நம்மைப் போல் புலம் பெயர்ந்து வந்ததே என்பதை அறிந்தால் வியப்பு உண்டாகும். ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்கு மேட்டுநிலங்களே அதன் பிறப்பிடம் என்பர் பயிர்நூலார். தொன்மைக் காலத்திலேயே அது இந்நாட்டை அடைந்து, எங்கும் வேரூன்றி, ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பெயரைப் பெற்றது. நாம் கேழ்வரகு என்றும் கேப்பை என்றும் கூறுவதைக் கன்னடர் ராகி என்பர். மராட்டியத்தில் நாச்சணி, ஒடிசாவில் மாண்டியா, உத்தராகண்ட மலைகளில் மண்டுவா, நேபாளத்தில் கோதோ என்பன அதன் பெயர்கள். தில்லிக் கடையில் கேழ்வரகு என்று கேட்டுக் கிடைக்காமல் திரும்பும் அன்பர்கள் மண்டுவா என்று கேட்டால் போதும்.

இனி முளைக்கு வருவோம். ஆங்கிலத்தில் மால்ட் என்னும் சொல் வரும்போதெல்லாம் எம் போன்ற மொழிபெயர்ப்பாளர் சற்றே தயங்குவதுண்டு. நேரான ஒரு சொல் எது என்று அகராதிகளைப் புரட்டுவோம். நம் பாட்டிமாருக்கோ அந்தத் தயக்கம் இருந்ததில்லை. முளைகட்டிய மாவு என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பொருளும் செய்முறையும் அச்சொல்லிலேயே அடங்கிவிட்டன.

முளைகட்டுவதால் என்ன நேர்கிறது? விதைக்குள் இளஞ்செடிக்கென்று சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்து இருக்கிறது. நீர் பட்டு விதை விழித்தவுடன், அம்மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக உடைக்கும் நொதிகள் அதனுள் சுரக்கின்றன. அதனால் தானியத்தில் இனிமை பிறக்கிறது, செரிமானமும் எளிதாகிறது. முளைகட்டாத மாவைக் காய்ச்சினால் விரைவில் களியாக இறுகும். முளைகட்டிய மாவு அதே அளவு நீரில் மெல்லிய கஞ்சியாக ஓடும். குழந்தைக்கும், நோயிலிருந்து எழுந்தவருக்கும் இக்கஞ்சியை முதலில் கொடுத்ததன் காரணம் இதுவே. சிறுதானியங்களுள் முளைகட்டுவதற்கு மிகவும் ஏற்றது கேழ்வரகு என்பதை இன்றைய ஆராய்ச்சியும் உறுதி செய்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணச்சத்து இருக்கிறது; அரிசியும் கோதுமையும் இதன் அருகில் நிற்க இயலாது.

இம்முளையிலிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. முளையில் பிறந்த சர்க்கரையைப் புளிக்கவிட்டால் மதுவாகும். உலர்த்திக் காய்ச்சினால் உணவாகும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் கேழ்வரகை முளைகட்டியே மது சமைக்கின்றனர். சிக்கிமிலும் தார்ஜிலிங் மலைகளிலும் கேழ்வரகை வேகவைத்து, மார்ச்சா என்னும் புளிப்புருண்டையைச் சேர்த்துப் புளிக்க வைத்து, மூங்கிற் குழாயில் வெந்நீர் ஊற்றி உறிஞ்சுகின்றனர். நம் நாட்டிலும் தானிய மது புதிதன்று. வீட்டிலே சமைத்த தோப்பி என்னும் கள்ளைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. ஆகவே, ஒரே தானியம் மயக்கத்தையும் தரும், அமைதியையும் தரும். எதைப் பெறுவது என்பது தானியத்தின் கையில் இல்லை. சமைப்பவர் கையில் இருக்கிறது.

அரசுகளும் இதனுள் புகுந்ததுண்டு. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. அந்நாளில் தருமபுரியும் ஒகேனக்கலும் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. மாகாணம் முழுவதும் மதுவிலக்குப் பரவியது 1948-இல். காவிரிக்கு அப்பால் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் வட்டமும் அதற்குள் அடங்கியது. கடல் கடந்த அமெரிக்காவிலோ 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைபெற்றது. அக்காலத்தில் பீர் வடித்த ஆலைகள் பல, தம் முளைத்தானியத்தைப் பாகாக்கி விற்றுப் பிழைத்தன. முளைமாவும் பாலும் கலந்த பானம் அந்நாட்டுப் பானக்கடைகளில் பெருஞ்செல்வாக்குப் பெற்றதும் அக்காலத்திலேதான்.

அந்தப் பானத்தின் கதையையும் சிறிது காண்போம். இங்கிலாந்திற் பிறந்த ஜேம்ஸ் ஹார்லிக், வில்லியம் ஹார்லிக் என்னும் உடன்பிறந்தார் இருவர் அமெரிக்காவிற் குடியேறினர். 1873-இல் சிகாகோ நகரில் தொழில் தொடங்கிப் பின்னர் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகருக்குச் சென்றனர். முளைகட்டிய வாற்கோதுமையும் கோதுமை மாவும் பாலும் கலந்து உலர்த்திய பொடிக்கு 1883-இல் காப்புரிமை பெற்றனர். அவர்களும் அதை முதலில் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்குமே உரிய உணவாகக் கருதினர். புலம்பெயர்ந்த இருவர் செய்த பொடி, நம் பாட்டிமார் முற்றத்தில் உலர்த்திய மாவுக்கு நெருங்கிய உறவு என்பதைக் கவனிக்க வேண்டும்.

அது படுக்கை நேரப் பானமாகப் புகழ் பெற்றது பின்னர். 1930-களில் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் 'இரவுப் பட்டினி' என்றொரு நோய் விளம்பரம் செய்யப்பட்டது. உறங்கும்போது உடல் பட்டினி கிடக்கிறது; ஆகையால் காலையில் களைப்பு உண்டாகிறது; படுக்குமுன் ஒரு கோப்பை அருந்தினால் அது தீரும் என்பது விளம்பரத்தின் சாரம். மருத்துவ நூல்களில் அத்தகைய நோய் இல்லை. விற்பனைக்காகவே பெயரிடப்பட்ட நோய் அது. ஆயினும் வழக்கம் நிலைத்துவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் அப்பொடி இந்தியாவுக்கும் வந்தது. 1960-ஆம் ஆண்டளவில் பஞ்சாபின் நாபா நகரில் அதற்கெனத் தொழிற்சாலையே தோன்றியது. தென்னாட்டிலும் வங்கத்திலும் அதற்கு மிகுந்த வரவேற்பு. நோயாளியைப் பார்க்கச் செல்லும் நம்மவர் ஆரஞ்சுப் பழத்தோடு அந்தப் புட்டியையும் எடுத்துச் சென்ற காலம் நினைவிருக்கலாம்.

இதற்கிடையே உள்நாட்டு முளைமாவு மறக்கப்பட்டதா? முற்றிலும் மறக்கப்படவில்லை. 1950-ஆம் ஆண்டு அக்டோபரில் மைசூரின் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. வி. சுப்பிரமணியன் அதன் முதல் இயக்குநர். ஏழைக் குழந்தைகளுக்கு எட்டக்கூடிய உணவைக் கண்டறிவது அந்நிலையத்தின் தலையாய பணிகளுள் ஒன்றாயிற்று. 1980-களில் அங்குள்ள அறிஞர்கள் முளைகட்டிய கேழ்வரகையும் பச்சைப்பயற்றையும் சேர்த்துக் குழந்தை உணவு அமைத்தனர். மெல்லிய கஞ்சியிலும் மிகுந்த சத்தை அடக்க முடியும் என்று காட்டினர். பாட்டிமார் கைப்பழக்கத்தால் அறிந்திருந்ததை அவர்கள் அளந்து எழுதினர் எனலாம். இன்று ராகி மால்ட் என்னும் பெயரோடு கடைகளில் விற்கப்படுவது இந்தப் பழைய மாவே. பல பொதிகளில் சர்க்கரையே மிகுதியாக இருக்கும். வாங்குவோர் பொதியின் பின்புறத்தைப் படித்தல் நலம்.

இப்பானம் மெய்யாகவே உறக்கம் தருமா? நடுநின்று கூறுவோம். பாலில் டிரிப்டோபன் என்னும் புரதக்கூறு உண்டு. உறக்கத்தோடு தொடர்புடைய பொருள்களை உடல் அதிலிருந்து ஆக்கிக் கொள்கிறது. ஆயினும் ஒரு கிண்ணத்தில் உள்ள அளவு சிறிது. அது மட்டும் உறக்கத்தை வரவழைத்துவிடாது. 1972-இல் எடின்பரோவைச் சேர்ந்த அறிஞர் இருவர், பாலில் கலந்த முளைமாவுப் பானத்தைச் சிலருக்குக் கொடுத்து அவர்கள் உறங்குவதை ஆராய்ந்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். வயதில் மூத்தோர் இரவின் பிற்பகுதியில் அடிக்கடி விழிக்காமல் உறங்கினர் என்பது அவர்கள் கண்டது. ஆராயப்பட்டவர்கள் மிகச் சிலரே. ஆதலால் இதை மருந்தென்று கொள்ளலாகாது. பசியடங்கிய வயிறு, இளஞ்சூடு, நாள்தோறும் ஒரே நேரத்தில் நிகழும் ஒழுங்கு ஆகியவை சேர்ந்து உடலுக்கு ஓய்வின் அறிகுறியைக் காட்டுகின்றன என்று கொள்வதே பொருந்தும்.

மற்ற இரு கிண்ணங்களைப் பற்றி ஐயம் இல்லை. காப்பியின் காஃபீன் பாதியளவு நீங்குவதற்கே பொதுவாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காப்பியின் பாதி, இரவு பதினொன்றுக்கும் உடலில் விழித்திருக்கும். மதுவோ விரைவில் கண்ணை மூட வைக்கும். ஆனால் இரவின் பிற்பாதியைக் குலைத்து விடியுமுன் எழுப்பிவிடும். தனிமைக்கு மருந்தென்று தொடங்குவது தனிமையை வளர்ப்பதாகவே முடிகிறது. வெளியூரில் ஈட்டிய பொருளும் அதில் கரைகிறது. ஊரில் காத்திருப்போர்க்குச் சேர வேண்டிய பணம் அது.

செய்முறை எளிது. ஒரு கிலோ கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து வைத்து, துணி உலராதபடி நீர் தெளித்து வர வேண்டும். ஒன்றிரண்டு நாளில் முளை தோன்றும். வடநாட்டுக் குளிர்காலத்தில் இன்னும் ஒரு நாள் கூடுதலாகலாம். முளை கால் அங்குலம் வளர்ந்ததும் பரப்பி நன்கு உலர்த்திக் கையால் தேய்த்தால் வேர்கள் உதிரும். புடைத்து நீக்கியபின், சிறுதீயில் மணம் வரும் வரை மட்டும் வறுக்க வேண்டும். கருக வறுத்தால் நொதிகள் அழிந்து, முளைகட்டியதன் பயன் குறையும். பின்னர் அரைத்துச் சலித்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளலாம்.

உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, இரண்டு தேக்கரண்டி மாவை அரைக் கிண்ணம் குளிர்ந்த நீரிற் கட்டியில்லாமல் கரைத்து, ஐந்தாறு நிமிடம் கிளறிக் காய்ச்ச வேண்டும். அரைக் கிண்ணம் பால் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, சிறிது ஆறிய பின்னர் பனங்கற்கண்டோ கருப்பட்டியோ சேர்க்கலாம். கொதிக்கும் பாலில் கருப்பட்டியை இட்டால் பால் திரிந்துவிடக் கூடும். ஒரு சிட்டிகை ஏலப்பொடியோ சுக்குப்பொடியோ போதுமானது. நீரிழிவு உடையோர் இனிப்பை விலக்குவதோடு, முளைமாவும் குருதிச் சர்க்கரையை விரைந்து ஏற்றும் என்பதை அறிந்து மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாரக்கணக்கில் உறக்கம் வாராதோர்க்கும் அதுவே வழி.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தானியம் கொள்ளேகால் மலையில் வேர் பிடித்தது. நிலத்தின் எல்லையை மாற்றியவர்கள் அதன் சுவையை மாற்றவில்லை. கோபிநத்தத்தில் ஒருவர் தமிழிற் கேழ்வரகு என்று சொல்லிக் கன்னட நாட்டில் அதை விதைக்கிறார். நாம் மண்டுவா என்றும் நாச்சணி என்றும் கேட்டு வாங்கினாலும், அடுப்பில் ஏற்றியவுடன் எழும் மணம் நம் ஊர் மணமே. விளக்கை அணைப்பதற்கு முன் அந்தக் கிண்ணத்தைக் கையில் ஏந்துவோமாக. உறக்கம் உடனே வந்தாலும் சற்றுத் தாழ்த்து வந்தாலும், காலையில் தெளிந்த கண்ணோடு எழுவது உறுதி.