டயர் வளர்ந்த வரலாறும் தேயும் காரணமும்



நம் தோட்டங்களில் விடியற்காலையில் வெட்டி எடுத்த பால் கப்பலேறிப் போய் என்னவாயிற்று என்று கேட்டால், சிறு பிள்ளையும் "டயர்" என்று விடை கூறும். உலகில் விளையும் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி இன்றும் டயருக்கே செல்கிறது. ஆயினும், அந்த டயர் எப்படிப் பிறந்தது, அது ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது, எப்பொழுது மாற்ற வேண்டும் என்பவை நம்மில் பலர் கேட்டறியாத செய்திகள். பள்ளி வேனும், தொழிற்சாலைப் பஸ்ஸும், வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளும் நம் குடும்பத்தாரைச் சுமந்து அந்த டயரின்மேல்தான் ஓடுகின்றன. ஆகவே இன்று டயரின் வரலாற்றையும், அது நமக்குக் காட்டும் அடையாளங்களையும் காண்போம்.

பச்சை ரப்பரை வெயிலில் வைத்தால் பிசுபிசுக்கும். கடுங்குளிரில் வைத்தால் விறைத்து வெடிக்கும். இக்குறையைத் தீர்க்கப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலுக்கும் குளிருக்கும் தாங்கி, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் பொருளாகிறது என்பதை அவர் 1839-இல் கண்டார். 1844-இல் அதற்கு உரிமை பெற்றார். ஆனால் 1860-இல் அவர் இறந்தபோது கடனாளியாகவே இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் 1898-இல் வேறொருவர் தொடங்கியது. அதற்கும் அவர் குடும்பத்திற்கும் தொடர்பில்லை.

காற்றடைத்த சக்கரத்தை முதலில் எண்ணியவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் தாம்சன். அவர் 1845-இல் அதற்கு உரிமை பெற்றார். குதிரை வண்டிக் காலத்தில் அதற்குத் தேவை எழவில்லை. மக்கள் அதை மறந்தனர். நாற்பது ஆண்டுகள் கழித்து, பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் டன்லப், தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிள் அதிராமல் ஓட வேண்டும் என்று ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் பொருத்தினார். 1888-இல் அதற்கு உரிமை பெற்றார். 1895-இல் பிரான்சு நாட்டின் மிஷலின் சகோதரர்கள், பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் மோட்டார்ப் பந்தயத்தில் காற்றடைத்த டயரோடு தங்கள் வண்டியை ஓட்டினர். வழிநெடுகப் பஞ்சர், பரிசும் கிட்டவில்லை. ஆயினும் மோட்டார் வண்டிக்குக் காற்று டயர் பொருந்தும் என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது.

இனி நம் நாட்டுப் பக்கம் வருவோம். 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் சிறு பங்கே முளைத்தது. அந்த இனக் கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொத்திக் கெடுக்காமல், பட்டையை மெல்லியதாகச் சீவி மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் முறையை வகுத்தார். ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களை விடாது வற்புறுத்தியதால், "பைத்தியக்கார ரிட்லி" என்ற பெயரும் பெற்றார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் ரப்பரை வணிகப் பயிராக நட்டார்.

1908-இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார் வெளிவந்தது. கார் பெருகவே டயர் பெருகிற்று. டயர் பெருகவே ரப்பர்க் காடும் பெருகிற்று. ஆள் தேவைப்பட்டது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்றே ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். நம் பாட்டன், பாட்டிமார் கப்பலேறியதற்கும், எங்கோ ஒரு நாட்டுச் சாலையில் டயர் தேய்ந்ததற்கும் நேரான தொடர்பு உண்டு. அங்கே தேயத் தேய, இங்கே மங்கு நிறைய வேண்டியிருந்தது.

அக்காலத்து டயர் கறுப்பாக இருக்கவில்லை. வெளிறிய நிறத்தில் இருந்தது. விரைவில் தேய்ந்தும் போயிற்று. 1904 வாக்கில் இங்கிலாந்தில், விளக்குப் புகைக்கரி போன்ற நுண்ணிய கரித்தூளை ரப்பரோடு கலந்து பார்த்தனர். அதனால் டயரின் உறுதி பன்மடங்கு கூடிற்று. அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்க ஆலைகளும் இம்முறையைக் கைக்கொண்டன. வெள்ளைப் பாலில் பிறந்த டயர் கறுப்பானது இவ்வாறுதான்.

டயரைப் பேண வேண்டும் என்ற பாடத்தை உலகம் போரில் கற்றது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பால்வெட்டு நின்றது, பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு, பலர் திரும்பவே இல்லை. அதே வேளையில் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. அங்கே டயருக்குப் பங்கீடு வந்தது. ஒரு காருக்கு ஐந்து டயருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது. குறித்த காலத்திற்கொரு முறை டயரைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும் என விதித்தனர். பெட்ரோலுக்குப் பங்கீடு வைத்ததற்கும் டயரைக் காப்பதே முதற்காரணம். செயற்கை ரப்பர் ஆலைகளும் அப்போரில்தான் பெருகின. ஆயினும் கனத்த லோரிக்கும் ஆகாய விமானத்திற்குமான டயர்களுக்கு இன்றும் இயற்கை ரப்பரே பெரிதும் வேண்டப்படுகிறது. போருக்குப் பின், 1949-இல் மிஷலின் நிறுவனம் ரேடியல் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உள்நூல்கள் குறுக்கே நேராக ஓடுவதால் சூடு குறைந்தது, தேய்வும் குறைந்தது.

இத்தனை பேருடைய அறிவும் உழைப்பும் சேர்ந்த டயர், சாலையை ஓர் உள்ளங்கை அளவே தொட்டு நிற்கிறது. அந்த உள்ளங்கை சமமாகப் பதிந்தால் சமமாகத் தேயும். பதியாவிட்டால், தேய்ந்த இடமே காரணத்தைக் காட்டிவிடும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்து நடு மட்டும் நின்றால் காற்று குறைவு, அல்லது சுமை அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் கோணம் தவறியிருக்கிறது. இதைப் பால்வெட்டறிந்த நம் மக்களுக்கு எளிதில் விளக்கலாம். வெட்டின் சரிவு தவறினால் பால் கோட்டின் வழியே மங்குக்கு வராமல் பட்டையில் வழிகிறது அல்லவா? அதுபோலச் சக்கரத்தின் சரிவு சிறிதளவு தவறினாலும், டயர் உருள்வதோடு ஒவ்வோர் அடிக்கும் சிறிது உராய்ந்துகொண்டே செல்கிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழிகுழியாகத் தேய்ந்தால், அதிர்வு தாங்கும் அப்சோர்பர் கெட்டிருக்கலாம், அல்லது சக்கரத்தின் எடை சமமின்றி இருக்கலாம்.

இவற்றுள் மிகக் கொடியது காற்றுக் குறைவு. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி நிமிர்கிறது. அதனால் சூடேறுகிறது. வெயில் நேரத்தில், முழுச் சுமையோடு, விரைவுச் சாலையில் அது வெடிக்கிறது.

மேலை நாடுகளில் மோட்டார் வீடு என்றொரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே அமைந்திருக்கும். 1915 முதல் 1924 வரை ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், டயர் உற்பத்தியாளர் ஃபயர்ஸ்டோன் ஆகியோர் பலமுறை மோட்டார் வண்டிகளில் கூடாரத்தோடு ஊர்சுற்றினர். அத்தகைய பயணங்கள் மக்களிடையே பரவிய காலத்தில்தான் மோட்டார் வீடும் வளர்ந்தது. இவ்வண்டி டயர்க் கல்விக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். தண்ணீர்த் தொட்டியும் குளிர்ப்பெட்டியும் ஒரே பக்கம் அமைந்தால், அப்பக்கத்து டயருக்குச் சுமை மிகுந்து தேய்வும் மாறுகிறது. ஆதலால் மொத்த எடையை மட்டும் நிறுக்காமல், ஒவ்வொரு சக்கரத்தின் மேலுள்ள எடையையும் தனித்தனியே நிறுத்து, அதற்கேற்பக் காற்றடைக்கச் சொல்கின்றனர். மேலும், அவ்வண்டி ஆண்டில் பல மாதம் நின்றே கிடக்கிறது. பட்டையில் பள்ளம் புதியதுபோல் இருக்கும். ஆனால் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை உலர்த்திப் பக்கவாட்டில் வெடிப்பு உண்டாக்கியிருக்கும். தேயாத டயரும் முதுமையடையும் என்பதை மோட்டார் வீடு வைத்திருந்தோர் பலர் நடுவழியில் டயர் வெடித்த பின்னரே அறிந்தனர்.

டயரின் வயதை அறிவது எளிது. 2000-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்டவற்றில், பக்கவாட்டில் உள்ள எழுத்துகளின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3219 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும், பள்ளம் இருந்தாலும் பத்தாண்டுக்கு மேல் வேண்டாம் என்பது நிறுவனங்கள் பலவற்றின் அறிவுரை. தேய்வைக் காட்ட, பள்ளங்களுக்கிடையே 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு மேடுகள் இருக்கும். பட்டை அம்மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. ஒரே ஓரம் வழவழப்பாகிவிட்டாலும் அவ்வாறே. மறு ஓரம் நன்றாக இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாகாது.

மாற்றும்போது முதலில் காரணத்தைத் தீர்க்க வேண்டும். கோணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால், புதியதும் அதே ஓரத்தில் தேயும். கொடுத்த பணம் வீணாகும். ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே அளவும் ஒரே வகையுமான டயர் இருத்தல் வேண்டும். லோரியின் பின்புற இரட்டைச் சக்கரத்தில் ஒன்று புதியதும் மற்றொன்று தேய்ந்ததுமாக இருந்தால், உயரமான டயரே சுமையின் பெரும்பகுதியைத் தாங்கிக் கெடும்.

டயருக்குச் செலவு செய்வது நம் குடும்பங்களுக்கு எளிதன்று என்பதை நாம் அறிவோம். "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்னும் சொல் ஏழ்மையிலிருந்து வருவது. ஆனால் காற்றைப் பார்ப்பதற்குச் செலவில்லை. மாதம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடேறுமுன், காற்றை அளந்து பார்த்தால் டயரின் ஆயுள் நீளும். மாற்றும் நாளும் தள்ளிப்போகும். பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றிவிடும் பெற்றோர், ஏறுமுன் டயரை ஒரு பார்வை பார்க்கலாம். ஓரம் வழவழப்பாயிருந்தால் ஓட்டுநரிடம் மரியாதையோடு கேட்கலாம். "தம்பி, இந்த டயர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதே" என்று கேட்பது குறைகூறல் ஆகாது. நம் பிள்ளைகளோடு அந்தத் தம்பியின் உயிரும் அதே டயரின்மேல்தான் இருக்கிறது.

மூன்று தலைமுறையாக நம்மவர் இருட்டில் எழுந்து, அட்டைக்கடியும் கொசுக்கடியும் பொறுத்து எடுத்த பால், உலகத்து வண்டிகளை எல்லாம் ஓட்டியது. அந்தப் பாலிலிருந்து பிறந்த பொருளை அறிந்து பயன்படுத்தும் உரிமை நமக்கும் உண்டு. இன்று மாலை வீட்டிலுள்ள மோட்டார் சைக்கிளின் டயரைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று அவர்களையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.