கமராவும் தெருவும்: நியூ யோர்க் போட்டோ லீக்கின் பதினைந்து ஆண்டுகள்

புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தனிமனிதரின் பெயர்களையே வரிசைப்படுத்திச் செல்வர். அவர்கள் எங்கே பயின்றனர், எவருடன் சேர்ந்து உழைத்தனர், அவர்களது படங்களை முதலில் எந்தச் சுவர் தாங்கியது என்னும் வினாக்கள் அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்டுவிடுகின்றன. 1936ஆம் ஆண்டு தொடக்கம் 1951ஆம் ஆண்டு வரை நியூ யோர்க் நகரில் இயங்கிய 'போட்டோ லீக்' என்னும் அமைப்பை நாம் இங்கு நினைவுகூர்வது அதனாலேயே. பாடசாலையாகவும் காட்சிக்கூடமாகவும் ஒருங்கே விளங்கிய அவ்வமைப்பு, பல்கலைக்கழகத்தின் நிழலிலோ நூதனசாலையின் ஆதரவிலோ தங்கியிருக்கவில்லை. அதன் எழுச்சியும் வீழ்ச்சியும் கலைக்கும் சமுதாயத்துக்குமிடையே உள்ள உறவைப் பற்றி நமக்குக் கற்பிப்பன பல.

லீக்கின் வேர்கள் தொழிலாளர் இயக்கத்தில் ஊன்றியிருந்தன. 1921இல் பேர்லினில் நிறுவப்பட்ட சர்வதேசத் தொழிலாளர் நிவாரண அமைப்பின் வழியில், 1930ஆம் ஆண்டில் நியூ யோர்க்கில் திரைப்பட, புகைப்படச் சங்கம் ஒன்று தோன்றியது. உலகப் பொருளாதார மந்தம் அமெரிக்க நகரங்களை உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. வேலையற்றோரின் ஊர்வலங்களையும், வேலைநிறுத்தங்களையும், வாடகை செலுத்த இயலாது தட்டுமுட்டுச் சாமான்களுடன் தெருவுக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களையும் பெரும் பத்திரிகைகள் காணத் தவறியபோது, அவற்றைப் படம் பிடித்துப் பரப்புவதைச் சங்கம் தன் கடமையாகக் கொண்டது. 1936இல் திரைப்படக்காரரும் புகைப்படக்காரரும் பிரிந்தனர். அப்பொழுது போட்டோ லீக்கை நிறுவிய சிட் குரொஸ்மன், சோல் லிப்சோன் ஆகிய இருவரும் இருபத்தைந்து வயதையும் எட்டாத இளைஞர்.

கிழக்கு 21ஆம் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் சில அறைகள், ஓர் இருட்டறை, படங்களை மாட்ட ஒரு சுவர்: பெரும்பாலும் இவையே லீக்கின் சொத்து. அங்கு பயில வந்தோரிற் பெரும்பாலானோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள். கட்டணம் குறைவு, ஆசிரியரும் அலுவலரும் பெரும்பாலும் ஊதியம் கருதாது உழைத்தோர். நடன விழாக்களும் புகைப்படப் போட்டிகளும் நடத்தி வாடகைக்கு வழி தேடினர். பெண்கள் பலர் மாணவராக மட்டுமன்றி நிருவாகிகளாகவும் இங்கு இடம் பெற்றனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. பதினைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய 1,500 பேர் இப்பாடசாலையிற் பயின்றனர்.

பாடசாலையின் உயிர்நாடியாக விளங்கியவர் குரொஸ்மன். கமராவை இயக்கும் முறையை எவரும் சில வாரங்களிற் கற்றுக்கொள்ளலாம். எதை, ஏன், எவருக்காகப் படம் பிடிக்கிறோம் என்ற வினாவே கடினமானது என்பது அவரது போதனையின் சாரம். மாணவர் குழுக்களாகப் பிரிந்து நகரின் ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டனர். ஒரு நாள் சென்று மீள்வதோடு நில்லாது, அதே தெருவுக்கு மாதக்கணக்கிற் சென்றனர். பிடித்த படங்களை எல்லோர் முன்னிலையிலும் வைத்து விவாதித்தனர். விமர்சனம் கடுமையாகவே இருந்தது. குரொஸ்மனின் சொல்லுக்கு அஞ்சியோரும் உண்டு. ஆயினும், சேரிச் சிறுவர் நீர்க்குழாயடியில் விளையாடுவதும், முதியவர் வாயிற்படியில் அமர்ந்திருப்பதும் கலைக்குரிய பொருள்களே என்ற நம்பிக்கையை அந்த விவாதங்களே வளர்த்தன.

காட்சிக்கூடத்தின் பணியும் இதற்குச் சளைத்ததன்று. புகைப்படத்தைக் கலையாக ஏற்கக் கலைக்கூடங்கள் தயங்கிய காலத்தில், லீக்கின் சுவர் புதியோருக்கும் மூத்தோருக்கும் சமமாகத் திறந்திருந்தது. இரவு நேரக் குற்றச் செய்திகளைப் படம் பிடித்த வீஜீயின் கண்காட்சியும், ஐரோப்பாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்த லிசெட் மொடலின் கண்காட்சியும் 1941இல் அங்கு இடம்பெற்றன. போல் ஸ்ட்ராண்ட், பெரனிஸ் அபொட் போன்ற மூத்த கலைஞர் அங்கு உரை நிகழ்த்தினர். 'போட்டோ நோட்ஸ்' என்ற பெயரில் லீக் வெளியிட்ட எளிய செய்தியேடு, விலையுயர்ந்த தாளில் அச்சான சஞ்சிகைகளிற் காண இயலாத கருத்து விவாதங்களைத் தாங்கி வந்தது.

லூயிஸ் ஹைனின் கதை இவ்விடத்திற் கூறத்தக்கது. 1908 முதலாகப் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவரைப் படம் பிடித்துக் குழந்தைத் தொழிலுக்கு எதிரான இயக்கத்துக்கு வலுச் சேர்த்தவர் அவர். அவரே தமது இறுதிக் காலத்தில் வறுமையுற்று 1940இற் காலமானார். அவர் விட்டுச்சென்ற படங்களையும் நெகட்டிவ்களையும் அவருடைய மகன் போட்டோ லீக்கிடம் ஒப்படைத்தார். செல்வம் படைத்த நிறுவனங்கள் பல இருந்த நகரில், வாடகைக்கே அல்லலுற்ற ஒரு பாடசாலை அச்செல்வத்தைப் பாதுகாத்தது. லீக் மறைந்த பின்னர் அது ரொச்செஸ்டர் நகரிலுள்ள ஈஸ்ட்மன் நூதனசாலையைச் சென்றடைந்தது.

எனினும், லீக்கின் குறைகளை நாம் மறைத்தல் தகாது. ஏரன் சிஸ்கின்ட் தலைமையில் ஒரு குழுவினர் 1936 முதல் 1940 வரை கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியைப் படம் பிடித்து 'ஹார்லெம் ஆவணம்' என்னும் தொகுதியை உருவாக்கினர். நெருக்கடியான வீடுகளையும் வேலையின்மையையும் அப்படங்கள் நேர்மையுடனேயே காட்டின. ஆனால் கமராவுக்குப் பின்னால் நின்றோரிற் பெரும்பாலானோர் வெள்ளையர். ஹார்லெம் அவர்களுக்குச் சென்று வரும் இடம். 1940இல் 'லுக்' சஞ்சிகை அப்படங்களிற் சிலவற்றை வெளியிட்டபோது, ஹார்லெம் என்றால் துயரம் மட்டுமே என்ற எண்ணமே மேலோங்கியது. அந்த மண்ணிலேயே பிறந்த ரோய் டிகராவாவின் படங்களும் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்தும் இணைந்த நூல் 1955இல் வெளிவந்தபோது, அதே தெருக்களிற் சிரிப்பும் காதலும் குடும்பப் பாசமும் இருந்தன என்பதை உலகம் கண்டது. ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசுவது வேறு. அவர்கள் பேசுவதற்கு இடம் விடுவது வேறு. நல்ல நோக்கம் ஒன்றே இவ்விரண்டுக்குமிடையேயுள்ள தூரத்தைக் கடந்துவிடாது.

இரண்டாம் உலக யுத்தத்தில் லீக்கின் உறுப்பினர் பலர் பாசிசத்துக்கெதிராகப் பணியாற்றினர். லீக்கின் தலைவராகவும் இருந்த வோல்ட்டர் ரோசன்புளூம், 1944இல் நோர்மண்டிக் கடற்கரையில் இராணுவப் புகைப்படக்காரராக இறங்கியவர். யுத்தம் முடிந்து மூன்றாண்டுகளும் நிறைவுறுமுன், 1947 டிசம்பரில், அமெரிக்கச் சட்டமா அதிபர் ரொம் கிளார்க் வெளியிட்ட, நாட்டுக்கு விசுவாசமற்றவை எனக் கருதப்பட்ட அமைப்புகளின் பட்டியலில் போட்டோ லீக்கின் பெயரும் இருந்தது. விசாரணை நடைபெறவில்லை, சாட்சியம் காட்டப்படவில்லை, மறுத்துரைக்க முன்னதாக வாய்ப்பும் அளிக்கப்படவில்லை. உறுப்பினருட் சிலர் கம்யூனிஸ்டுகளாக இருந்தனர் என்பது உண்மையே. அரசியலில் ஈடுபாடில்லாத பலரும் அவர்களுடன் ஒரே இருட்டறையில் உழைத்தனர் என்பதும் அதே அளவு உண்மை.

முதலில் உறுப்பினர் தளரவில்லை. டபிள்யூ. யூஜின் ஸ்மித் போன்ற புகழ் பெற்றோர் துணை நின்றனர். 'இதுவே போட்டோ லீக்' என்ற கண்காட்சியின் மூலம், தம்மீதான குற்றச்சாட்டுக்குத் தம் படங்களையே மறுமொழியாக வைத்தனர். ஆனால் 1949 ஏப்ரலில், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களுக்கு எதிரான வழக்கில், லீக்கின் உறுப்பினராகப் பல ஆண்டுகள் பழகிய ஆன்ஜெலா கலோமிரிஸ் என்னும் புகைப்படக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறினார். தாம் எப். பி. ஐ.யின் ஒற்றராக இருந்ததை வெளிப்படுத்திய அவர், தம்மைக் கட்சியிற் சேர்த்தவர் என்று குரொஸ்மனின் பெயரைக் கூறினார். ஒன்றாகப் படம் கழுவிய தோழர் ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடு நோக்கவேண்டிய நிலை அன்று பிறந்தது. வேலையை இழக்க அஞ்சியோர் விலகினர். மாணவர் தொகை குறைந்தது. கட்டணமின்றி வாடகை இல்லை. 1951இல் லீக் கலைக்கப்பட்டது. பாடசாலையின் கதவில் அரசாங்கம் முத்திரை வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. குரொஸ்மன் 1955இன் இறுதியில், தமது நாற்பத்திரண்டாவது வயதில் மறைந்தார்.

அறுபது ஆண்டுகளின் பின், 2011இல், நியூ யோர்க்கின் யூத நூதனசாலை லீக்கின் படங்களைப் பெருங் கண்காட்சியாக வைத்துப் போற்றியது. ஆபத்தானவை என ஒதுக்கப்பட்ட படங்கள் அருங்கலைச் செல்வங்களாயின. இதனை நீதியின் வெற்றி என்று கொண்டாட நமக்கு மனம் ஒப்பவில்லை. நூதனசாலையின் சுவரில் ஏறியவை படங்கள். அவற்றைப் பெற்றெடுத்த பாடசாலை மீண்டும் பிறக்கவில்லை. தெருவின் மாந்தரைப் பார்க்கக் கற்பித்த அம்மாலை வகுப்புகளும், ஒருவரின் படத்தைப் பத்துப் பேர் கூடி விவாதித்த அப்பழக்கமும் எந்தக் கண்ணாடிப் பேழையிலும் வைக்கப்படக்கூடியனவல்ல.

கற்பிப்போரும் கற்போருமாகிய நாம் சிந்திக்க வேண்டியது இதுவே. ஓர் அறையும் ஒரு சுவரும் ஊதியம் கருதாத சில ஆசிரியரும் இருந்தால் ஒரு கலைப் பாடசாலை தோன்றிவிடும் என்பதைப் போட்டோ லீக் மெய்ப்பித்தது. அத்தகைய பாடசாலை நிலைபெற வேண்டுமாயின், அச்சம் வரும் நாளில் ஒருவரையொருவர் கைவிடாத மனிதரும் வேண்டும். அத்தகைய மனிதரை உருவாக்குதல் புகைப்படப் பாடசாலை ஒன்றின் கடமை மட்டுமன்று.