நாலு பித்தளைப் பந்துகள்

1821-ல் லண்டனில் வெளிவந்த 'டேபிள் டாக்' தொகுப்பில் வில்லியம் ஹாஸ்லிட் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாகத் தரையில் உட்கார்ந்த ஒருவர், ரெண்டு பித்தளைப் பந்தில் ஆரம்பித்து நாலு பந்துகளை ஒரே நேரத்தில் காற்றில் சுற்றவிடுகிறார். கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் கீழே விழும். தான் எழுதும் எதிலும் இந்தக் கச்சிதம் இல்லையே என்று ஹாஸ்லிட் வெட்கப்படுகிறார்.

அந்தக் காலத்து லண்டனில் இந்த வித்தைக்குப் பேர்போனவர் 'ராமோ சாமி'. பெயரைப் பார்த்தாலே தெரியுது, நம்ம ராமசாமிதான். வாள் விழுங்குவார். 1819-ல் அமெரிக்காவரை போய் வித்தை காட்டினார். 1850-ல் அவர் இறந்தபோது அடக்கச் செலவுக்குக்கூடக் காசில்லை. மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க வேண்டியிருந்தது.

அதே கட்டுரையின் முடிவில், சுவரில் பந்தடித்து விளையாடும் ஜான் கவனாவுக்குப் பேர் சொல்லி நீண்ட அஞ்சலி எழுதியிருக்கிறார் ஹாஸ்லிட். எழுத்தாளரையே வெட்கப்படவைத்த பித்தளைப் பந்துக்காரருக்கு அங்கே பேர் இல்லை.

நாம மட்டும் என்ன? காரைக்கால் தெருவில் கயிற்றில் நடக்கிற கழைக்கூத்தாடிப் பிள்ளைக்குக் கைதட்டுகிறோம், சில்லறை போடுகிறோம். பேர் கேட்பதில்லை.