தீயணைப்புப் பம்பிலிருந்து ஒரு கார்

ஹில்மன் இம்ப் காரின் 875 சிசி எஞ்சினுக்கு மூலம், கவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் தீயணைப்புப் பம்புகளுக்காக வடிவமைத்த அலுமினிய எஞ்சின் என்பது பலர் அறியாதது. நான்கு சிலிண்டர்கள் கொண்ட அதனை 45 பாகை சாய்த்துப் பின்புறம் பொருத்தினார்கள்.

கப்பல் கட்டும் தொழில் நலிந்த கிளாஸ்கோ அருகே, லின்வுட்டில், அரசின் வற்புறுத்தலால் 1963இல் ஆலை எழுந்தது. அங்கு வார்த்த எஞ்சின் பாகங்கள் கடைசலுக்காகத் தெற்கே ரைட்டனுக்குப் போய், மீண்டும் வடக்கே வந்தன! இந்த அலைச்சலை விதித்தது தொழிலாளி அல்ல. பழியில் பெரும்பங்கு அவனுக்கு.

அலுமினியம் சூட்டைப் பொறுக்காது. குளிர்நீர் குறைந்தால் சிலிண்டர் தலை கோணும், கேஸ்கெட் போகும், நீர்ப்பம்பும் கசிந்தது. தானியங்கிச் சோக் தொல்லை தந்ததால் விரைவில் கைவிடப்பட்டது. எனினும் எஞ்சினைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பந்தயத்திற்கென அதைச் செப்பம் செய்த இம்ப் காரில்தான் பில் மக்கவர்ன் 1970 முதல் 1972 வரை மூன்று முறை பிரிட்டிஷ் சலூன் கார் பட்டம் வென்றார்.

1976இல் இம்ப் நின்றது. லின்வுட் ஆலை 1981இல் மூடப்பட்டது.