சோழர் காலக் கல்விக் கொடை: ஈந்தோரும் ஏற்றோரும்

உயர்கல்வி பயிலும் மாணவர்க்குப் பிறர் பொருள் வைத்து உதவும் வழக்கம் ஆங்கிலக் கல்வியோடு நம் நாட்டிற்கு வந்தது எனக் கருதுவார் உளர். சோழர் கல்வெட்டுகள் அக்கருத்திற்கு இடந்தரவில்லை. கொடைப் பொருளால் உண்டு பயின்ற மாணவர்க்கும் அக்கொடையை அளித்தோர்க்கும் இடையே நின்ற தொடர்பு எத்தகையது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் (1012–1044) காலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அரசன் ஆணைப்படி அவ்வூர்ச் சபையார் 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் வேண்டுவன வகுத்தனர். அதன் பொருட்டு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. இளநிலை மாணவர் 270 பேர். அவருள் இருக்கு வேதம் பயின்றோர் 75, யசுர் வேதம் பயின்றோர் 75, உரூபாவதாரம் என்னும் இலக்கண நூல் பயின்றோர் 40. ஏனையோர் பிற வேதப் பிரிவுகளைக் கற்றனர். மேல்நிலை மாணவர் 70 பேர். அவருள் வியாகரணத்திற்கு 25, பிரபாகரத்திற்கு 35, வேதாந்தத்திற்கு 10 என இடங்கள் வரையறுக்கப்பட்டன.

இளநிலை மாணவர்க்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல். மேல்நிலை மாணவர்க்கு ஒரு குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம் என்னும் அளவாற் கணக்கிடின், மாணவர் உணவிற்கு மட்டும் நாள்தோறும் 24 கலம் 2 குறுணி நெல் வேண்டியிருந்தமை பெறப்படும். இத்துணைப் பெருஞ்செலவு ஒருவர் மனநிலையைப் பொறுத்து நிற்றல் இயலாது. ஆகவே அது நிலத்தின் விளைவோடு பிணைக்கப்பட்டது.

புதுச்சேரியை அடுத்த திருபுவனையில், முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048-ஆம் ஆண்டளவில், 260 மாணவர்க்கும் 12 ஆசிரியர்க்கும் 72 வேலி நிலம் உதவியது. அவர்கள் ஊர் வாரியங்களிற் பணியாற்றும் கடமையினின்றும் விலக்கப்பட்டனர். உணவேயன்றிக் கற்றற்குரிய காலமும் கொடையாயிற்று என்பது இதனால் விளங்கும். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டோ, மாணவர்க்குப் பாய், விளக்கெண்ணெய், சனிக்கிழமை முழுக்கிற்கு எண்ணெய் ஆகியவற்றையும் மறவாது குறிக்கின்றது. அங்கேயே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் இருந்தது.

இனி, ஏற்றோர் ஈந்தோர்க்குச் செய்த கைம்மாறு யாது? எண்ணாயிரத்து அறம் அரசனது வெற்றியை வேண்டிச் செய்யப்பட்டது. ஆயினும் மாணவர் அரசனைக் காணவேண்டும் என்றோ, புகழ்ந்து பாடவேண்டும் என்றோ விதி காணப்படவில்லை. இருவர்க்கும் இடையே சபை நின்றது. மாணவன் தான் உண்ட சோற்றுக்கு எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை. கற்றலே அவன் கடனாயிற்று. மேலும், பல கல்வெட்டுகளின் இறுதியில், இவ்வறத்தைப் பின்னாளிற் காப்பவன் திருவடி தன் தலைமேல் ஆகுக எனக் கொடையாளனே வணங்கிக் கூறும் மரபு உண்டு. நன்றி இங்கு ஏற்றோனிடமிருந்து ஈந்தோனை நோக்கிச் செல்லவில்லை. ஈந்தோனிடமிருந்து காப்போனை நோக்கிச் செல்கின்றது. இது நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

எனினும் இவ்வறத்தின் எல்லையை மறைத்தல் வரலாற்று நெறியாகாது. வேதக் கல்வி மறையவர் குலத்து ஆண்மக்கட்கே உரியதாயிருந்தது. அவர்க்கு நெல் விளைத்துத் தந்த உழுகுடிகளின் மக்கட்கு அக்கல்விச்சாலையில் இடமில்லை. கொடையாளர் பெயர் கல்லில் நின்றது. கற்றோர் எண்ணிக்கை நின்றது. உழைத்தோர் கணக்கில் நெல்லின் அளவு மட்டுமே எஞ்சியது.

பிற்காலத்து நெறி ஒன்றனோடு இதனை ஒப்பிடலாம். சம்சேட்சி டாட்டா 1892-இல் நிறுவிய அறக்கட்டளை, வெளிநாடு சென்று பயில்வார்க்குக் கடனாகப் பொருள் உதவியது. அவர் திருப்பித் தரும் பொருள் பின்வரும் மாணவர்க்குப் பயன்பட்டது. பிற்காலத்தே குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் அவ்வுதவி பெற்று 1945-இல் இலண்டன் சென்றவர். ஆங்கு ஏற்றோனே அடுத்தவனுக்கு ஈந்தோன் ஆகின்றான். எண்ணாயிரத்தில் அறத்தைத் தொடரச்செய்தது நிலம். இங்கோ, கற்றோனது கடமையுணர்ச்சி. இரண்டினும் ஏற்றோனது தன்மதிப்புக் காக்கப்பட்டது. ஆயின், உழுகுடி மகனுக்கும் வாயில் திறத்தல் முன்னதில் இல்லை. அவ்வாயில் திறந்த பின்னரே கல்விக் கொடை நிறைவான அறம் எனப்படும் என்பது நம் துணிபு.