இராமானுஜன் தவறவிட்ட ஓர் எண்

நெல்லியடியில் காணி பேசுவோர் பரப்பு, குழிக் கணக்கிலேயே பேசுவர். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. சீதனமாகவோ முதுசமாகவோ காணியைப் பங்கிடும் வேளையில் இந்த 18 நன்கு கைகொடுக்கும். இரண்டாக, மூன்றாக, ஆறாக, ஒன்பதாக மீதியின்றிப் பிரியும். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில்தான் சிக்கல்.

இத்தகைய எண்ணைத் தமிழகத்தார் பகு எண் என்பர். எங்கள் பாடநூல்களில் அது சேர்த்தி எண். 18க்குக் காரணிகள் ஆறு. ஆனால் அதைவிடச் சிறிய 12க்கும் ஆறு காரணிகள் உண்டு. தனக்கு முன்னுள்ள எந்த எண்ணையும்விடக் கூடுதலான காரணிகளைக் கொண்ட எண்ணை மட்டும் மீச்சேர்த்தி எண் என்று கொள்வோமாயின், 12 தேறும். எங்கள் பரப்புக் கணக்கின் 18 தேறாது. பின்னர் 24, 36, 48, 60, 120 என்று வரிசை வளரும்.

இவ்வெண்களை முறையாக ஆராய்ந்தவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், அடுத்த ஆண்டே இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் அறுபது பக்கங்களுக்கு மேற்பட்ட கட்டுரையாக இதனை வெளியிட்டார். மீச்சேர்த்தி எண்ணைப் பிரித்தால் 2, 3, 5 என முதன்மை எண்கள் இடையில் ஒன்றும் விடுபடாமல் வரும். அவற்றின் சுட்டிகள் ஒருபோதும் ஏறுவதில்லை. 4, 36 ஆகிய இரண்டும் நீங்கலாக, இறுதி முதன்மை எண்ணின் சுட்டி எப்போதும் ஒன்றே. இவற்றையெல்லாம் அவர் நிறுவினார். சென்னையில் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறியவருக்கு, 1916 மார்ச்சில் இந்த ஆய்வே பட்டம் பெற்றுக் கொடுத்தது.

அவரது அட்டவணையின் கடைசி எண் 6,746,328,388,800. ஏறத்தாழ ஆறே முக்கால் இலட்சம் கோடி! காரணிகள் 10,080. கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு இது. அதில் ஒரே ஓர் எண் விடுபட்டுப் போயிற்று: 293,318,625,600. வேடிக்கை என்னவென்றால், இந்த எண்ணை 23ஆல் பெருக்கினால் வருவதுதான் அந்தக் கடைசி எண். கிளையைக் கண்டவர் அடிமரத்தைக் காணாது போனார். எனக்கென்னவோ இந்தத் தவறு அவரை இன்னும் நெருக்கமாக்குகிறது.

ஆனால் பெரிய இழப்பு வேறொன்று. முதலாம் உலகப் போர்க்காலத்தில் சங்கம் பண நெருக்கடியில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக இராமானுஜன் தாம் எழுதியதில் ஒரு பகுதியை நிறுத்திக்கொண்டார். பொருளாதாரத் தடைக் காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கம் குறையும்போது எதை வெட்டுவது என்பது எழுதியவனுக்குத்தான் வலிக்கும்.

வெட்டுண்ட பகுதியில் இருந்தது சாதாரணச் சரக்கன்று. ஓர் எண்ணின் காரணிகளை எல்லாம் கூட்டினால் வரும் தொகை எவ்வளவு தூரம் பெருக முடியும் என்பதற்கு, 1859இல் ரீமான் முன்வைத்த கருதுகோள் உண்மை என்று கொண்டு, அவர் ஓர் எல்லை வகுத்திருந்தார். அப்பக்கங்கள் பெட்டியில் கிடக்க, 1984இல் பிரெஞ்சுக் கணிதர் கீ ரோபன் அதே எல்லையைத் தாமாக அடைந்து இன்னொரு படி மேலே சென்றார். 5040க்கு மேற்பட்ட எந்த எண்ணும் அந்த எல்லையைத் தொடாதெனில் ரீமான் கருதுகோள் மெய். தொடும் எண் ஒன்றேனும் அகப்பட்டால் பொய். 5040 என்பது ஒன்று முதல் ஏழு வரையான எண்களின் பெருக்கம். தானும் ஒரு மீச்சேர்த்தி எண். இராமானுஜன் தவறவிட்ட எண்ணின் காரணிகளை எண்ணிப் பாருங்கள்: அவையும் சரியாக 5040.

நிறுத்தி வைக்கப்பட்ட பகுதியை ழான்-லூயி நிக்கோலாவும் அதே ரோபனும் குறிப்புரையுடன் 1997இல் பதிப்பித்தனர். இராமானுஜன் பெயரிலேயே தொடங்கப்பட்ட ஆய்விதழின் முதல் தொகுதியில் அது வந்தது. அவர் மறைந்து அப்போது 77 ஆண்டுகள். 5040ஐத் தாண்டி எல்லை மீறும் எண் எதுவும் இன்றுவரை அகப்படவில்லை. அப்படி ஒன்று கிடையாது என்று எவரும் நிறுவவுமில்லை.