சிலியின் உணவு விளம்பரக் கட்டுப்பாட்டுச் சட்டம்

சிலியின் உணவு விளம்பரக் கட்டுப்பாட்டுச் சட்டம் (சட்டம் எண் 20.606) என்பது, சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியன மிகுந்த பொதி உணவுகளை 14 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களை நோக்கி விளம்பரப்படுத்துவதைத் தடை செய்யும் சட்டம் ஆகும். தென் அமெரிக்க நாடான சிலியில் 2012 இல் இயற்றப்பட்ட இச்சட்டம், 2016 ஜூன் 27 அன்று நடைமுறைக்கு வந்தது.

பின்னணி

சிலியில் சிறுவர்களிடையே உடற்பருமன் பெருகியதே இச்சட்டத்திற்கு முதன்மைக் காரணம். விளம்பரத்தின் நோக்கம் விற்பனையே என்பதைச் சிறு குழந்தைகளால் பகுத்தறிய இயலாது என்பது இதன் அடிப்படைக் கருத்து. மருத்துவரும் செனட்டருமான கீடோ கிரார்தி இதனை முன்னின்று வலியுறுத்தினார். உணவுத் தொழில்துறையின் எதிர்ப்பால் சட்டம் நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின.

வரையறை

சர்க்கரை, சோடியம் அல்லது நிறைவுற்ற கொழுப்பு சேர்க்கப்பட்ட உணவுகளுக்கே இவ்வரம்புகள் பொருந்தும். வரம்புகள் மூன்று கட்டங்களாக இறுக்கப்பட்டன. 2019 முதல் 100 கிராம் திட உணவுக்கான உச்ச அளவுகள் பின்வருமாறு:

* ஆற்றல் - 275 கிலோகலோரி
* சர்க்கரை - 10 கிராம்
* சோடியம் - 400 மில்லிகிராம்
* நிறைவுற்ற கொழுப்பு - 4 கிராம்

விதிகள்

* வரம்பை மீறும் உணவின் பொதியில் கறுப்பு நிற எண்கோண எச்சரிக்கை முத்திரை இடம்பெற வேண்டும்.
* அவற்றைப் பள்ளிகளில் விற்கக்கூடாது.
* சிறுவரை ஈர்க்கும் கேலிச்சித்திர உருவங்களைப் பொதியில் அச்சிடக்கூடாது. விளையாட்டுப் பொருட்களை இணைத்து விற்கவும் கூடாது.
* 2018 முதல், காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை தொலைக்காட்சியில் இவற்றை விளம்பரப்படுத்த இயலாது.

இதன்படி கெல்லாக்சு நிறுவனத்தின் காலை உணவுப் பெட்டிகளிலிருந்து புலி உருவம் நீக்கப்பட்டது. உள்ளே பொம்மை வைத்து விற்கப்படும் கிண்டர் சாக்லேட் முட்டையும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

விளைவுகள்

இத்தகைய உணவு விளம்பரங்களைத் தொலைக்காட்சியில் காண நேர்வது, முதற் கட்டத்திலேயே, பள்ளி செல்லாச் சிறாரிடையே சராசரியாக 44 விழுக்காடும் பதின்ம வயதினரிடையே 58 விழுக்காடும் குறைந்ததாக 2020 இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. முத்திரை பெற்ற இனிப்புப் பானங்களை வீடுகள் வாங்கும் அளவு ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்ததாக அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது. எனினும், வாங்கும் அளவு குறைவதும் உடற்பருமன் குறைவதும் ஒன்றல்ல. பின்னதை அளவிட நீண்ட காலம் தேவைப்படும்.

விமர்சனங்கள்

பொதியிலுள்ள உருவங்கள் தங்கள் வணிகக்குறிகள் என்றும், அவற்றை நீக்கச் சொல்வது சொத்துரிமையைப் பறிப்பதாகும் என்றும் சில நிறுவனங்கள் வாதிட்டன. உணவைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் பொறுப்பு என்போரும் உளர். முத்திரையைத் தவிர்க்கச் சர்க்கரைக்குப் பதிலாக வேறு இனிப்பூட்டிகள் சேர்க்கப்படுவது மற்றொரு குறையாகச் சுட்டப்படுகிறது. இவற்றுக்கு இச்சட்டத்தில் எச்சரிக்கை முத்திரை இல்லை.

பிற நாடுகள்

சிலியைத் தொடர்ந்து பெரு, மெக்சிக்கோ, உருகுவை, அர்கெந்தீனா ஆகிய நாடுகளும் எண்கோண முத்திரையை ஏற்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், 13 வயதுக்கு உட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரம் யாவும் 1980 முதலே தடை செய்யப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

* உடற்பருமன்
* விளம்பரம்
* ஊட்டச்சத்து